ஹைபிரிட் காருக்குப் பெரிய டயரா, மென்மையான டயரா? நெல்லைச் சாலைகளை வைத்து ஓர் ஒப்பீடு

டொயோட்டா அர்பன் க்ரூஸர் ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகிய இரண்டும் 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தவை. அப்போது ஸ்ட்ராங் ஹைபிரிட் வகையை (பெட்ரோல் எஞ்சினோடு, தனியாகவே காரை நகர்த்தக்கூடிய மின்மோட்டாரும் உள்ளதை) வாங்கிய பலருக்கு, காரோடு வந்த டயர்களின் பட்டன் தேய்ந்து, முதன்முறையாக டயர் மாற்ற வேண்டிய காலம் இப்போது வந்திருக்கிறது. எப்படியும் ஒரு பெருந்தொகை கையை விட்டுப் போகப் போகிறது என்னும்போது, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பெரிய, மெத்தென்று ஓடும் டயராகப் போட்டுவிட்டால் என்ன என்ற கேள்வி பாளையங்கோட்டையிலும் களக்காட்டிலும் திசையன்விளையிலும் ஒன்றுபோல எழுகிறது. டயர் கடை அண்ணாச்சியும், "ஒரு சைஸ் பெரிசாப் போடுங்க, மெத்துன்னு போவும்" என்று சொல்லிவிட்டால், முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு பொருள்கள் ஒரே விலைக்கு விற்கப்படுகின்றன என்பதே என் எண்ணம். டயர் பெரிதாவது ஒன்று. ஓட்டம் மென்மையாவது மற்றொன்று. சில அளவுகளில் இரண்டும் சேர்ந்து வரும், சிலவற்றில் வராது, சிலவற்றில் டயரின் வெளி விட்டம் கூடாமலேயே மென்மை மட்டும் வரும். ஹைபிரிட் காரில் இந்த வேறுபாடு சாதாரணப் பெட்ரோல் காரைவிட அதிகமாகக் கணக்கில் வருகிறது.

மேற்சொன்ன இரு கார்களிலும் வருகிற 215/60 ஆர் 17 என்ற அளவை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, அதாவது 129 மி.மீ.; 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இவற்றைக் கூட்டினால் டயரின் வெளி விட்டம் ஏறக்குறைய 690 மி.மீ. வரும். கீழே வரும் கணக்குகள் அனைத்தும் இதே முறையில் போட்டவை. தாளும் பேனாவும் இருந்தால் எவரும் சரிபார்க்கலாம்.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் மென்மை. உங்கள் காரை அசைப்பது எந்த வகை அதிர்வு என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு அதன்பின் கடைக்குப் போவது நல்லது. ஈரடுக்கு மேம்பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில் "டக் டக்" என்று கேட்பதும், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வருகிற நடுக்கமும் டயர் உள்வாங்கிக்கொள்ள வேண்டிய அதிர்வுகள். வேகத்தடையில் பின்னால் அமர்ந்திருப்பவரைத் தூக்கிப் போடுவதும், கிராமச் சாலையின் நீண்ட மேடுபள்ளத்தில் படகுபோல ஆடுவதும் ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் ஆகியவற்றின் வேலை. இரண்டாவது வகைத் தொல்லைக்கு எந்த டயரை மாற்றினாலும் பணம்தான் போகும்.

டயரின் மென்மையைத் தீர்மானிப்பவை காற்றழுத்தம், பக்கச் சுவரின் உயரம், அதன் கட்டுமானம், ரப்பரின் கலவை ஆகிய நான்கும் ஆகும். அகலம் இந்தப் பட்டியலில் இல்லை. ஒரே அழுத்தத்தில், ஒரே எடையைத் தாங்கும் அகலமான டயரும் குறுகிய டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பரப்பின் வடிவம் மட்டுமே மாறுகிறது. ஆகவே "அகலமாகப் போட்டால் மெத்தென்று இருக்கும்" என்பது கண்ணுக்குத் தோன்றும் உண்மையே தவிர, இடுப்புக்குத் தெரியும் உண்மையன்று.

இரண்டாவது தரை இடைவெளி. டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் கார் உயரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விட்டத்தில் 20 மி.மீ. கூடினால் காரின் அடிப்பகுதி 10 மி.மீ. உயரும், அது ஒரு விரலின் தடிமனுக்கும் குறைவு.

மூன்றாவது மைலேஜ். இந்தக் கார்களை வாங்கியதற்கே அதுதான் காரணம் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. காரோடு வருகிற டயர்கள் லிட்டருக்கு 27.97 கி.மீ. என்ற அறிவிக்கப்பட்ட எண்ணுக்கு உதவும்படி, உருளும்போது குறைந்த ஆற்றலை இழப்பவையாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை. அவற்றை எடுத்துவிட்டு எந்தச் சொகுசு டயரைப் போட்டாலும் உருளும் தடை கூட வாய்ப்புண்டு. அந்தத் தடை 10 சதவீதம் கூடினால் எரிபொருள் செலவு 1 முதல் 2 சதவீதம் வரை கூடும் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. லிட்டருக்கு 22 கி.மீ. ஓடும் காரில் 4 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 28 லிட்டர் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 2,800 ரூபாய். பயப்படுகிற அளவுக்குப் பெரிய தொகையன்று, ஆனால் டயரின் ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் வருகிற செலவு.

இங்கே ஹைபிரிட் காருக்கே உரிய ஒரு நுணுக்கமும் இருக்கிறது. கனமான சக்கரத்தைச் சுழற்றிவிடச் செலவாகும் ஆற்றலில் ஒரு பகுதி, பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே டயரின் எடை கூடுவதால் வரும் இழப்பு சாதாரண காரைவிட ஹைபிரிட்டில் குறைவு. உருளும் தடையால் இழக்கும் ஆற்றலோ ரப்பருக்குள்ளேயே வெப்பமாகிப் போய்விடுகிறது. எந்த மோட்டாராலும் அதைத் திரும்பப் பெற முடியாது. டயர் வாங்கும்போது எடையைவிட உருளும் தடைக்கே அதிகக் கவனம் தர வேண்டும் என்பது இதன் பொருள்.

நான்காவது ஓசை. பெட்ரோல் எஞ்சின் ஓடும் காரில் கேட்காத டயர் இரைச்சல், மின்சாரத்தில் மட்டும் நகரும்போது தெளிவாகக் கேட்கிறது. டவுன் ரத வீதியில் ஓசையின்றி ஊரும் கார், நான்குவழிச் சாலையின் சிமென்ட் பகுதியில் ஏறியதும் இரைவதாகப் பலர் நினைப்பதற்கு இந்த ஒப்பீடும் ஒரு காரணம்.

ஈரச் சாலையில் பிடிப்பு, ஆத்திர அவசரத்துக்கு அதே அளவு டயர் கிடைப்பது, சட்டமும் காப்பீடும் ஆகிய மூன்றும் எஞ்சியவை. அவற்றை அந்தந்த இடத்தில் பார்க்கலாம்.

எண்களில் நான்கு அளவுகள்

| | 215/60 ஆர் 17 | 225/60 ஆர் 17 | 215/65 ஆர் 17 | 215/65 ஆர் 16 |
|---|---|---|---|---|
| வெளி விட்டம் | 690 மி.மீ. | 702 மி.மீ. | 711 மி.மீ. | 686 மி.மீ. |
| பக்கச் சுவர் | 129 மி.மீ. | 135 மி.மீ. | 140 மி.மீ. | 140 மி.மீ. |
| தரை இடைவெளியில் மாற்றம் | இல்லை | 6 மி.மீ. கூடும் | 11 மி.மீ. கூடும் | 2 மி.மீ. குறையும் |
| மீட்டர் 100 கி.மீ. என்று காட்டும்போது உண்மையில் ஓடிய தூரம் (கி.மீ.) | 100 | 101.7 | 103.1 | 99.4 |
| புதிய ரிம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் | நான்கு வேண்டும் |
| பழைய ஸ்டெப்னியோடு பொருத்தம் | மாற்றமில்லை | ஓரளவு | குறைவு | ஏறக்குறைய மாற்றமில்லை |

அட்டவணையின் கடைசி இரண்டு பத்திகளைப் பாருங்கள். பக்கச் சுவர் இரண்டிலும் 140 மி.மீ.; அதாவது பள்ளத்தின் விளிம்பில் ரிம் இடிக்குமுன் டயர் மடங்கித் தாங்குவதற்கான இடம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் அந்த உயரம் டயரை வெளிப்புறமாகப் பெரிதாக்கிப் பெறப்படுகிறது. மற்றொன்றில் ரிம்மை உட்புறமாகச் சுருக்கிப் பெறப்படுகிறது. மென்மைக்காக மட்டும் பெரிய டயர் கேட்பவர் இந்த இரண்டு பத்திகளையும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

முதல் வழி: அதே அளவு, சொகுசு வகை டயர்

இதில் அளவு எதுவும் மாறாது. டயரின் குணம் மட்டும் மாறுகிறது. நீண்ட பயணச் சொகுசுக்கென்று செய்யப்படும் வகைகளில் பக்கச் சுவர் சற்று நெகிழ்வாகவும், பட்டன் வரிசைகள் ஓசையை உடைக்கும்படி ஒழுங்கற்ற இடைவெளியிலும் அமைக்கப்பட்டிருக்கும். மிஷ்லின் பிரைமசி வரிசை இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. மற்ற நிறுவனங்களிலும் இதே நோக்கத்துக்கான வரிசைகள் உண்டு. 215/60 ஆர் 17 என்பது கிரெட்டா, செல்டாஸ் கார்களின் மேல்நிலை வகைகளுக்கும் பொருந்துகிற அளவு என்பதால் திருநெல்வேலி சந்திப்பிலோ நாகர்கோவிலிலோ டயர் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. சட்டச் சிக்கலும் இல்லை, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு மைலேஜ்தான். ஆனால் அதை அளப்பதிலும் ஒரு மாயம் இருக்கிறது. புதிய டயரின் பட்டன் ஆழம் ஏறக்குறைய 8 மி.மீ. என்றும், கழற்றிய பழைய டயரில் 2 மி.மீ.தான் மிஞ்சியிருந்தது என்றும் வைத்துக்கொண்டால், வெளி விட்டத்தில் 12 மி.மீ. வேறுபாடு வருகிறது, அது 1.7 சதவீதம். தேய்ந்த டயர் அதிகச் சுற்றுகள் சுற்றியதால் மீட்டர் ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டிக்கொண்டிருந்தது; புதிய டயர் போட்ட நாளில் அந்தப் பொய் நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, ஆழமான பட்டன் உருளும்போது அதிகமாக நெளிந்து ஆற்றலை இழக்கிறது. எனவே அதே அளவில், அதே நிறுவனத்தின் அதே டயரைப் போட்டாலும் முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு மைலேஜ் குறைந்ததாகவே தெரியும். என் காரில் இதைக் கண்டு டயரைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன்; கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

மென்மை எவ்வளவு கூடும்? மேம்பால இணைப்புகளிலும் சொரசொரப்பான தாரிலும் நன்றாகத் தெரியும். ஆழமான பள்ளத்தில் அவ்வளவு தெரியாது, ஏனெனில் பக்கச் சுவரின் உயரம் அதே 129 மி.மீ.தான்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது காற்றழுத்தம். செலவே இல்லாத மென்மை அதில்தான் இருக்கிறது. "ஹைவேயில் போறீங்களா, 36 வச்சிருக்கேன்" என்று கேட்காமலே கூட்டி அடித்துவிடும் வழக்கம் நம் பக்கத்துக் கடைகளில் உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள எண்ணைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ (கடையில் 36 என்று சொல்வது இந்த அலகில்தான்) ஏறும். அக்னி நட்சத்திர நாளில் மதுரையிலிருந்து வந்து இறங்கி, சூடான டயரில் அழுத்தம் அதிகமாக இருக்கிறதே என்று காற்றைப் பிடுங்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைந்த காற்றோடு நிற்கும். அது மென்மையன்று, பக்கச் சுவர் சூடேறிக் கெட்டுப்போவதற்கான வழி.

இரண்டாவது வழி: அதே ரிம்மில் ஒரு படி பெரிய டயர்

இதில் இரண்டு அளவுகள் பேசப்படுகின்றன. 225/60 ஆர் 17 ஜீப் காம்பஸ் காருக்கு வருகிற அளவு என்பதால் கிடைப்பது எளிது. 215/65 ஆர் 17 கடையில் எப்போதும் அடுக்கி வைத்திருக்கும் அளவு அன்று. சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும்.

225/60 பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பக்கச் சுவரில் 6 மி.மீ., தரை இடைவெளியில் 6 மி.மீ., அகலத்தில் 10 மி.மீ. கூடுகின்றன. தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதியது போட்டாலே கார் 6 மி.மீ. உயர்ந்துவிடும் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகலம் கூடுவதால் தேங்கிய மழைநீரில் டயர் மிதக்கும் போக்கு சற்றுக் கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தூத்துக்குடிச் சாலையில் ஓட்டுபவருக்கு இது விரும்பத் தக்கதன்று. பார்வைக்குக் கார் நிமிர்ந்து நிற்கும். வாங்குவோர் பலருக்கு உண்மையான காரணம் அதுதான், அதில் தவறும் இல்லை.

215/65 வேறு கதை. பக்கச் சுவர் 11 மி.மீ. கூடுகிறது, கார் 11 மி.மீ. உயர்கிறது, இரண்டும் ஓட்டும்போது தெரிகிற அளவுகள். திசையன்விளையிலிருந்து உவரி வரை தேரி மணல் படிந்த குறுக்குச் சாலைகளிலும், காரையாறு, மணிமுத்தாறு பக்கத்து மலையடிவாரச் சாலைகளிலும், நான்கு பேரும் மூட்டையும் ஏறிய காரின் அடி தட்டுகிறது என்று சொல்பவருக்கு இந்த ஒரு வழிதான் உண்மையில் உதவுகிறது. மற்ற இரு வழிகளும் உயரத்தைத் தருவதில்லை.

அதற்குக் கொடுக்கும் விலை பல சில்லறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. முதலாவது, மீட்டர். சக்கரத்தின் சுற்றை எண்ணித்தான் வேகத்தையும் தூரத்தையும் மைலேஜையும் கார் கணக்கிடுகிறது. 100 என்று காட்டிய இடத்தில் இப்போது ஓடியிருப்பது 103. உண்மையான மைலேஜ் 22-லிருந்து 21.5 ஆகக் குறைந்திருந்தால், திரையில் அது ஏறக்குறைய 20.9 என்று தெரியும். பாதிக்கு மேற்பட்ட வீழ்ச்சி எண்ணில் மட்டும்தான் நடந்திருக்கிறது. கைப்பேசியின் ஜி.பி.எஸ். கொண்டு நான்குவழிச் சாலையில் 50 கி.மீ. ஓட்டி, மீட்டர் காட்டும் தூரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல கார்களின் வேகமானி உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டுவதால், பெரிய டயரில் அது உண்மைக்கு நெருங்கலாம்; ஆனால் காட்டும் வேகத்தைவிட உண்மை வேகம் கூடிவிட்டால் அபராதச் சீட்டுக்கு டயரைக் காரணம் சொல்ல முடியாது. ஹைபிரிட் பேட்டரிக்குத் தரப்படும் 8 ஆண்டு, 1,60,000 கி.மீ. உத்தரவாதம்கூட மீட்டர் கணக்கில் 5,000 கி.மீ. நீள்கிறது என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். அளவு மாற்றிய டயரைப் பார்த்த சர்வீஸ் நிலையம் அந்த உத்தரவாதத்தையே கேள்வி கேட்டால் அந்த வேடிக்கை நிலைக்காது.

இரண்டாவது, இழுவை. இந்தக் கார்களில் கியர் மாற்றம் என்று ஒன்று இல்லை; 141 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்ட மோட்டார் நிலையான பல்சக்கர விகிதத்தில் முன் சக்கரங்களோடு இணைந்திருக்கிறது. டயர் 3 சதவீதம் பெரிதானால் தரையில் கிடைக்கும் தள்ளுவிசை 3 சதவீதம் குறையும். எஞ்சின் தன் சுற்றை மாற்றிக்கொண்டு ஓரளவு ஈடுகட்டும், ஆனால் அதற்குப் பெட்ரோல் வேண்டும். சமதளத்தில் இது தெரியாது. ஆள் நிறைந்த காரோடு ஏற்றத்தில் நின்று புறப்படும்போது, எஞ்சின் முன்பைவிடச் சற்று முன்னதாகவே விழித்துக்கொள்வதைக் கவனிக்கலாம். பிரேக்கும் அப்படித்தான்: அதே அழுத்தத்துக்குக் கிடைக்கும் தடுப்புவிசை அதே 3 சதவீதம் குறைகிறது.

மூன்றாவது, ஸ்டெப்னி. பல கார்களில் ஸ்டெப்னி ஏற்கெனவே சிறிய அளவில் வருகிறது. பெரிய டயர் போட்டால் இடைவெளி இன்னும் கூடும். முன்சக்கர இழுவை கொண்ட காரில் முன்னால் ஒரு பக்கம் சிறிய சக்கரமும் மறுபக்கம் பெரிய சக்கரமும் இருந்தால் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் விளக்கும் எரியலாம். முன் டயர் பஞ்சரானால் பின் டயரை முன்னால் மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பின்னால் போடுவதே முறை. இராதாபுரம் பக்கத்து இருட்டில் ஒரே சக்கரத்துக்காக ஜாக்கியை இரண்டு முறை வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, உரசல். நிறுத்திய காரில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்த்து, "உரசல" என்று கடையில் சொல்லிவிடுவார்கள். ஆள் ஏறி, வேகத்தடையில் இறங்கி, அதே நேரம் சக்கரமும் திரும்பியிருக்கும் நிலையில்தான் உட்புறப் பிளாஸ்டிக் தட்டும். முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மூலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் காற்று. ஆனி, ஆடியில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு, ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே ஓட்டியவர்களுக்குத் தெரியும், உயரமான காரைப் பக்கவாட்டில் காற்று எப்படித் தள்ளும் என்று. காரும் உயர்ந்து, பக்கச் சுவரும் நெகிழ்ந்தால், அந்த இருபது கிலோமீட்டரில் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பக்கச் சுவர் கூடும் மூன்றாவது வழிக்கும் இதில் பாதி பொருந்தும்.

சட்டம் பற்றி: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவின்போது பதியப்பட்ட விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சாலையில் நிறுத்தி யாரும் டயரின் விட்டத்தை அளப்பதில்லை என்பது உண்மைதான். விபத்துக்குப் பின் வருகிற காப்பீட்டு ஆய்வாளர் அளப்பார். அளவை மாற்றுவதாக இருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைப்பது உங்கள் பொறுப்பு.

மூன்றாவது வழி: ரிம்மைச் சுருக்கிப் பக்கச் சுவரை உயர்த்துவது

நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத வழி இது. சிறிய ரிம் என்றதும் கார் குறைந்த விலை வகை போலத் தோன்றும் என்ற கூச்சம் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னோவா ஹைகிராஸ் காரின் உச்ச வகையில் 225/50 ஆர் 18 வருகிறது. அதில் பக்கச் சுவர் 112 மி.மீ. மட்டுமே. அதே காரின் கீழ்நிலை வகைகளில் வரும் 205/65 ஆர் 16 டயரில் அது 133 மி.மீ. விலை கூடிய காரில் வருபவர் அதிகம் குலுங்குவது இப்படித்தான். தயாரிப்பாளரே ஒரே காருக்கு இரண்டு ரிம்களை ஏற்றிருப்பதால், ஹைகிராஸ் வைத்திருப்பவருக்கு இந்த வழி கையேட்டின் துணையோடு வருகிறது. ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமைக் குறியீட்டை மட்டும் தன் வகையோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா கார்களில் 215/65 ஆர் 16 போட்டால் வெளி விட்டம் 4 மி.மீ. மட்டுமே குறைகிறது, மீட்டர், இழுவை, பிரேக், ஸ்டெப்னி ஆகிய எல்லாம் ஏறக்குறைய இருந்தபடியே இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்த மழைக்குப் பின், தாமிரபரணிக் கரைச் சாலைகள் அரித்துக் கிடந்த வாரங்களில், தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தில் இறங்கி என் காரின் முன் இடது டயர் பக்கச் சுவரில் முட்டை போல வீங்கியது. கூடுதலாக 11 மி.மீ. சுவர் இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையே டயர் நசுங்கி உள்நூல் அறுவதால்தான் அந்த வீக்கம் வருகிறது என்பதால், சுவர் உயர உயர வாய்ப்பு குறைகிறது.

செலவு வெளிப்படையானது: நான்கு ரிம். ஒரு டயர் 10,000, ஒரு ரிம் 7,000 என்று வைத்துக்கொண்டால், 40,000 ஆக இருக்க வேண்டியது 68,000 ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது இதில் கொஞ்சம் ஆறுதல். மறைவான செலவுகள் ரிம்மின் பொருத்தத்தில் இருக்கின்றன. போல்ட் துளைகளின் வட்டமும், நடுத்துளையின் அளவும், ரிம் உள்ளே தள்ளி அமரும் அளவும் மூல ரிம்மோடு ஒத்துவர வேண்டும். நடுத்துளை தளர்வாக இருந்தால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ரிம்மின் உட்புறம் பிரேக் காலிப்பரை (பிரேக் வட்டை இறுகப் பிடிக்கும் பகுதியை) தொடாமல் சுழல்கிறதா என்பதைப் பணம் கொடுக்குமுன் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். டயர் அழுத்தத்தைக் காட்டும் உணரிகள் உங்கள் காரில் வால்வோடு சேர்ந்து இருக்குமானால், அவற்றைக் கழற்றிப் புதிய ரிம்முக்கு மாற்றச் சொல்லுங்கள். பெயர் தெரியாத மலிவு அலாய் ரிம் வளையாமல் விரிசல் விடும். அதைவிட நல்ல இரும்பு ரிம் மேல். தயாரிப்பாளர் உங்கள் காருக்கு 16 அங்குல ரிம்மை ஏற்கவில்லை என்றால், காப்பீட்டைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். பழைய 17 அங்குல ரிம்களை விற்றுவிடாமல் வீட்டில் வைத்திருங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் அவற்றைத்தான் கேட்பார்.

ஹோண்டா சிட்டி வைத்திருப்பவர்களுக்கு

சிட்டி ஹைபிரிட்டில் வருவது 185/55 ஆர் 16. பக்கச் சுவர் 102 மி.மீ. மட்டுமே. 185/60 ஆர் 16 போட்டால் விட்டம் 3 சதவீதம் கூடிவிடும். 195/55 ஆர் 16 என்றால் கூடுவது 1.8 சதவீதம், சுவர் உயர்வதோ வெறும் 5 மி.மீ. தாழ்வான கார் என்பதால் உயரத்துக்காக ஆசைப்படுவது இயல்புதான், ஆனால் சக்கர அறையில் இடம் குறைவு. இங்கே முதல் வழிக்கு மேல் போவதற்கு நான் சொல்ல மாட்டேன்.

யாருக்கு எது

பாளையங்கோட்டை, டவுன், பேட்டை என்று ஊருக்குள் ஓடிவிட்டு மாதம் இரண்டு முறை மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ போகிறவருக்கு முதல் வழியே போதும். அவருடைய தொல்லை பெரும்பாலும் ஓசையும் சிறு நடுக்கமும்தான்.

களக்காடு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் உடைந்த சாலைகளில் நாள்தோறும் ஓடி, ஏற்கெனவே ஒன்றிரண்டு டயர்களைப் பக்கச் சுவர் வீங்கி இழந்தவருக்கும், முதுகுவலியோடு பின்னால் அமர்ந்து வருகிற பெரியவர்கள் உள்ள வீட்டுக்கும், கூடுதலாக 28,000 ரூபாய் கொடுத்து மூன்றாவது வழியில் போவது வீண்செலவன்று. காரை இன்னும் ஐந்தாண்டுகள் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். ஓராண்டில் விற்கப் போகிறவருக்கு ரிம் செலவு திரும்பாது.

அடி தட்டுவதே முதன்மைத் தொல்லை என்பவருக்கு மட்டும் இரண்டாவது வழியில் 215/65 ஆர் 17. அவரும் ஷாக் அப்சார்பரையும் பின் ஸ்பிரிங்கையும் ஒருமுறை சோதித்த பிறகு வாங்கட்டும். தொங்கிப்போன ஸ்பிரிங் தின்றுவிட்ட உயரத்தை டயரால் ஈடுகட்ட நினைப்பது பலமுறை நடந்திருக்கிறது.

எந்த வழியானாலும், கடையில் நான்கு டயரையும் மாட்டுமுன் மூன்று எண்களைப் படித்துவிடுங்கள். சுமைக் குறியீடு, கதவுச் சட்டத்திலோ பழைய டயரிலோ உள்ளதைவிடக் குறையக் கூடாது. 96 என்றால் ஒரு டயருக்கு 710 கிலோ, 98 என்றால் 750 கிலோ. அதையடுத்து வரும் எழுத்து எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை, அதைவிடக் குறைந்த வேகத்தைக் குறிக்கும் எழுத்துள்ள டயரை ஏற்க வேண்டாம். பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். நான்கு டயர்களிலும் அவை ஒன்றுக்கொன்று சில மாதங்களுக்குள் இருக்கட்டும். நெல்லை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு கோடைகளைக் கழித்த டயரை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.